வீட்டைச் சுமப்பவன் யார் வீட்டுப் பிள்ளை?

கொழும்பு வாழ் தமிழராகிய நாம் ஓயாமல் வீடு மாறும் சமூகம். சொந்த வீடுடையோர் சிலர். வாடகைக் குடியிருப்போர் பலர். ஒப்பந்தக் காலம் முடிந்ததென்று மாறுகிறோம். வாடகை ஏறிவிட்டதென்று மாறுகிறோம். பிள்ளையின் பாடசாலை தூரமென்று மாறுகிறோம். மார்கழி கழிந்து தை பிறந்துவிட்டால் போதும். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்தும், வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலிருந்தும் சாமான் ஏற்றிய லொறிகள் புறப்பட்ட வண்ணமிருக்கும்.

இந்த வீடு மாற்றத்தில் ஒவ்வொருவருக்கும் உரியது ஒழுங்காகப் போய்ச் சேருகின்றது. வீட்டுச் சொந்தக்காரருக்கு முற்பணம், தரகருக்குத் தரகுப் பணம், ஐயருக்குத் தட்சணை, லொறிக்கு வாடகை. பால் காய்ச்ச வேண்டிய வேளை பஞ்சாங்கம் பார்த்து நிமிடக் கணக்கில் குறிக்கப்படுகின்றது. குறிக்கப்படாதது ஒன்றே ஒன்றுதான். இரும்பு அலுமாரியை நான்காம் மாடிக்குத் தூக்கிச் செல்பவன் படியில் தவறி விழுந்தால், அவனுக்குப் பொறுப்பு யார்?

அவனை நாம் நாட்டாமி என்கிறோம். தமிழகத்துக் கிராமத்திலே நாட்டாமை என்றால் ஊர் கூடிய இடத்தில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். கடல் கடந்து கொழும்புக்கு வந்த அதே சொல், புறக்கோட்டைத் தெருக்களில் மூட்டை சுமப்பவனுக்குப் பெயராயிற்று. ஊருக்கு நீதி சொன்னவனின் பட்டத்தைச் சுமந்துகொண்டு, தனக்கு நீதி கேட்க வழியறியாது நிற்கின்றான் கொழும்பு நாட்டாமி. அவர்களிலே சிங்களவரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. தோட்டத்து நாட்கூலி போதாமல் மலையகத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனை முடுக்குகளில் நெருக்கியடித்து வாழும் நம்மவரும் உண்டு.

அவன் செய்யும் வேலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இருவர் சேர்ந்து தூக்கினால் ஆளுக்குப் பாதிப் பாரம் என்பர். சமதரையில் அந்தக் கணக்குச் சரி. படிக்கட்டில் அது பொய்த்துவிடும். நிமிர்ந்து நின்ற குளிர்சாதனப் பெட்டி சாய்ந்த மாத்திரத்தே பாரத்தின் பெரும்பங்கு கீழே நிற்பவன்மீது இறங்குகின்றது. பெட்டி கண்ணை மறைக்க, அடுத்த படியைக் காலால் தடவியே அவன் ஏற வேண்டும். மேலே பிடித்திருப்பவனோ பின்னோக்கி ஏறுகின்றான். இருவரில் ஒருவனுக்குக் கால் வழுக்கினாலும் நசுங்குபவன் கீழே நிற்பவனே. கையில் உறையில்லை, தோளில் வாரில்லை, காலில் தேய்ந்துபோன இறப்பர்ச் செருப்பு. வேலை முடிந்ததும், கட்டிய சாமான்களுக்கு மேல் மெத்தையைப் பிடித்தபடி லொறியின் உச்சியிலே பயணம்!

விழாமல் தப்பியவனும் தப்பியவனல்லன். முள்ளந்தண்டு தேய்கின்றது, முழங்கால் மூட்டு அழிகின்றது, குடலிறக்கம் காண்கின்றது. இன்ன நாளில், இன்ன வீட்டில் நேர்ந்தது என்று சுட்டிக் காட்ட முடியாத விபத்து இது. நாற்பது வயதிலே முதுகு வளைந்தவனுக்கு, "வயசாகிவிட்டது, இனி வேண்டாம்" என்று சொல்லி இளைஞன் ஒருவனை அழைத்துக் கொள்கின்றோம்.

இதற்குமேல் ஒரு கொடுமையும் உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் சிலவற்றிலே, வீடு மாறும்போது மின்தூக்கியில் சாமான் ஏற்றலாகாது என்று கட்டளை. காரணம் கேட்டால், கண்ணாடியில் கீறல் விழுமாம், பழுது பார்க்கச் செலவாகுமாம். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றலாம். முறிந்த முதுகெலும்பை எந்தக் கடையிலே வாங்கி மாற்றுவது? இயந்திரத்துக்கு இரங்கும் முகாமைக் குழுக் கனவான்கள் மனிதனுக்கு இரங்க மறப்பதேன்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். சட்டம் உண்டு. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அது பிறந்த காலத்திலே தொழில் அமைச்சராக இருந்தவர் இந்திய வம்சாவளித் தமிழரான பெரி சுந்தரம் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக் கொள்ளலாம். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேரும் விபத்துக்கு வேலைகொள்வோன் நட்டஈடு தர வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அந்த நட்டஈட்டின் உச்சவரம்பு 2022ஆம் ஆண்டின் திருத்தத்தால் 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது.

ஆனால் அந்த 20 இலட்சத்தை யாரிடம் கேட்பது? வீட்டுக்காரரைக் கேட்டால், "நான் லொறிக்காரருடன் பேசினேன், ஆட்கள் அவருடையவர்கள்" என்கிறார். லொறிக்காரரைக் கேட்டால், "நான் வண்டிக்கு மட்டுமே வாடகை வாங்கினேன், ஆட்களைச் சந்தியிலிருந்து அழைத்து வந்தேன்" என்கிறார். அழைத்து வந்த மேஸ்திரியோ, "நானும் அவனைப் போலக் கூலிதானே" என்று கையை விரிக்கின்றார். மூவரும் சேர்ந்து வேலை வாங்கினார்கள். மூவரில் ஒருவரும் வேலைகொள்வோர் அல்லர்! பெயர்ப் பதிவில்லை, பற்றுச்சீட்டில்லை, ஊழியர் சேமலாப நிதியில்லை. சாட்சியாக நிற்பது ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றே. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ தொழிற்சாலை, துறைமுகம், கட்டட வேலைத்தலம் ஆகியவற்றை நோக்கி எழுதப்பட்டது. குடியிருப்பு வீட்டின் படிக்கட்டில் பரிசோதகர் வந்து நிற்க அதிலே வழியில்லை.

சுமை தூக்குவோரின் தலைவிதி இதுதான் என்று சொல்வோருக்குக் கொழும்புத் துறைமுகத்தின் சரித்திரமே மறுமொழி கூறும். அங்கும் ஒரு காலத்திலே மூட்டை ஏறியது மனிதனின் முதுகில்தான். 1927இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையிலே துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1958இல் துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனம் அமைந்து, தனியார் கம்பெனிகளிடமிருந்த ஏற்றியிறக்கும் வேலையை ஏற்றது. பின்பு பாரந்தூக்கிகளும் கொள்கலன்களும் வந்தன. துறைமுகத் தொழிலாளிக்கு ஒரு சங்கம் இருந்தது. பெயர் சொல்லிக் கேட்க ஒரு முதலாளி இருந்தார். வீட்டுச் சாமான் தூக்குபவனுக்கு இரண்டும் இல்லை. துறைமுகத்துக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையே நடைதூரம்தான். உரிமைக்கோ அந்தத் தூரம் கடக்க முடியாததாய்க் கிடக்கின்றது.

நாளுக்கொரு முதலாளியிடம் வேலை செய்பவனுக்குச் சட்டம் எழுத இயலாதென்று அதிகாரிகள் கூறக்கூடும். அண்டை நாட்டிலே எழுதிக் காட்டியுள்ளனர். 1969இல் மகாராட்டிர மாநிலம் மாத்தாடித் தொழிலாளர் எனப்படும் சுமை தூக்குவோருக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி தொழிலாளியும் பதிவு செய்யப்படுவான். வேலை வாங்குவோரும் பதிவு செய்யப்படுவர். கூலியோடு ஒரு வரியையும் சேர்த்து வாரியத்திலே செலுத்த வேண்டும்; அதிலிருந்து சேமலாப நிதியும் மருத்துவ உதவியும் பிறக்கின்றன. கேரளம் 1978இல் தலைச்சுமைத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சட்டங்களிலும் குறைகள் இருக்கலாம். இருப்பினும் முதலாளி பலராயினும் பொறுப்பு ஒன்றாகலாம் என்பதை அவை நிலைநாட்டிவிட்டன. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டிலேயே, வளர்ந்த ஆண் ஒருவன் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படாதவாறு குறைக்கப்பட வேண்டுமென்று பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு கடந்த பின்பும், எத்தனை கிலோவைத் தூக்குகின்றான் என்று கேட்பவரை நம் தெருக்களிலே காணோம்.

"செலவு கூடிவிடுமே!" என்று நடுத்தர வர்க்கத்து அன்பர்கள் முகஞ்சுளிப்பர். கூடும்; மறைக்கவில்லை. மாதக்கணக்கான வாடகையை முற்பணமாக எண்ணி வைக்கும் கைக்கு, ஒருநாட் காப்புறுதிக்கும் மேலதிகமாக ஓர் ஆளுக்கும் கொடுக்கும் பணமா பெரும்பாரம்? "வார் கொடுத்தாலும் கட்ட மாட்டார்கள், உறை கொடுத்தாலும் போட மாட்டார்கள்" என்பது இன்னொரு வாதம். ராகு காலத்துக்கு முன் முடி, இருட்டுமுன் முடி என்று விரட்டுபவர் யார்? எத்தனை நடை முடித்தாய் என்று கணக்குப் பார்த்துக் கூலி தருபவர் யார்? அவசரத்தை நாம் உண்டாக்கிவிட்டு, அவதானமில்லை என்று அவனைப் பழிப்பது என்ன நியாயம்?

தமிழ் அரசியல் பேசுவோரிடமும் ஒரு வார்த்தை. வீடிழப்பதன் வலியை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1958இல் கண்டோம், 1983 ஜூலையிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரியக் கண்டோம். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கு மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டபோது, அந்த அநீதியைத் தடுக்க உயர்நீதிமன்றம் வரை சென்றது வழக்கு. கூரையின் கீழிருக்கும் உரிமைக்காக நீதிமன்றப் படியேறிய இனம், தன் சாமானைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுபவனின் உரிமையைக் காணாதிருக்கலாமா? மேடையிலே அவன் நம் இரத்தம். படிக்கட்டிலே அவன் யாரோ ஒரு கூலி! இந்த இரட்டை நாக்கு நமக்கு அழகன்று.

நாம் கேட்பவை மிகையானவையல்ல. முதலாவது, வீட்டுச் சாமான் ஏற்றியிறக்கப் பணம் பெறுபவர் எவரோ, அவரே அன்றைய வேலையாட்கள் அனைவருக்கும் வேலைகொள்வோர் என்று சட்டம் ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல வேண்டும். இரண்டாவது, தொழில் திணைக்களம் சுமைத் தொழிலாளரையும் வீடு மாற்றும் நிறுவனங்களையும் லொறிகளையும் பதிவு செய்து, பொது நிதியொன்றை அமைக்க வேண்டும். மூன்றாவது, தனியொருவன் தூக்கும் பாரத்துக்கு எல்லை விதித்து, வாரும் கையுறையும் சில்லு வைத்த தள்ளுவண்டியும் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். நான்காவது, மின்தூக்கியுள்ள தொடர்மாடியிலே, அது தாங்கக்கூடிய சாமானை அதிலே ஏற்ற மறுக்கும் விதி செல்லாதென்று ஆக்க வேண்டும். ஐந்தாவது, சாமான்மீது ஆளேற்றிச் செல்லும் வழக்கம் ஒழிய வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தையிலே வீடு மாறவிருக்கும் வாசகர் ஒவ்வொருவரும் லொறிக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: எத்தனை பேர் வருகிறார்கள்? அவர்கள் பெயரென்ன? ஒருவனுக்கு அடிபட்டால் பொறுப்பு யார்? மறுமொழியை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கையொப்பம் பெறட்டும். மறுமொழி தராதவருக்கு வேலை தராது விடட்டும். புதுவீட்டிலே பால் பொங்க வேண்டும் என்று விரும்புவோர், அந்தப் பாற்பானையைச் சுமந்து வந்தவனின் வீட்டிலும் அன்றிரவு உலை கொதிக்க வழி செய்வாராக!