பணம் வந்தது, பட்டியலில் பெயர் இருந்ததா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, மூதூர்ப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது. உதவிகள் வந்தன. கூடவே திருகோணமலையில் பழைய கேள்வியும் எழுந்தது: கொடுக்கிற காசு உரியவர்களுக்குப் போய்ச் சேருகிறதா?

'இடையில் யாரோ அடித்துவிடுகிறார்கள்' என்பதே வழக்கமான பதில். 2004 சுனாமிக்குப் பின் நடந்தவற்றைப் பார்த்தால், களவைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்று பணத்துக்குப் பஞ்சமில்லை. சுனாமி தாக்கிய நாடுகளுக்கென உலகெங்கும் சுமார் 1,350 கோடி டொலர் திரண்டது. அதில் ஏறக்குறைய 550 கோடி பொதுமக்கள் கொடுத்தது. ஆனால் இலங்கையில் அம்பாந்தோட்டைக்குத் தேவைக்கு மேல் வீடுகள் கிடைத்தன. கடும் அழிவைக் கண்ட அம்பாறையில் பற்றாக்குறை. கரையோரத்தில் வீடு கட்டத் தடை தெற்கில் 100 மீற்றர், வடகிழக்கில் 200 மீற்றர். கடலை நம்பி வாழ்ந்த நம்மவர்களுக்கு அந்தக் கூடுதல் 100 மீற்றர் பெரிய இடி. உதவியைப் பகிர 2005 ஜூன் 24இல் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பின் முக்கிய பகுதிகளுக்கு, மூன்று வாரத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இன்னொரு ஓட்டை பட்டியலில் இருந்தது. படகு இழந்தவருக்குப் படகு என்றார்கள். சில இடங்களில் இழந்ததைவிட அதிகப் படகுகள் வந்து சேர்ந்தன. ஆனால் சம்மாட்டியிடம் கூலிக்குக் கரைவலை இழுப்பவருக்கும், கருவாடு காயவைத்து விற்கும் பெண்ணுக்கும் எந்தப் பதிவும் இல்லை. அவர்கள் இழந்தது நாளாந்த உழைப்பை. அதற்கு உறுதிப்பத்திரம் கிடையாது. வாடகை வீட்டில் இருந்தவர் நிலையும் இதுதான்.

டித்வாவுக்குப் பின்னும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வீடு துப்புரவு செய்ய அரசு 25,000 ரூபா அறிவித்தது. யார் பெயர் எழுதப்பட்டது, யார் பெயர் விடுபட்டது, ஏன்? பயனாளிகள் பட்டியலைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டினால், விடுபட்டவர் அன்றைக்கே முறையிடலாம். ஒட்டாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திடம் எந்தப் பிரஜையும் கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் உறவுகளுக்கும் இது பொருந்தும். பொதி கொடுக்கும் படத்தைக் கேட்காதீர்கள். பட்டியலை யார் தயாரித்தார்கள், கூலித் தொழிலாளியும் வாடகைக் குடும்பமும் அதில் உண்டா என்று கேளுங்கள்.