முதியோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது எப்போது? எங்கள் நிலைப்பாடு

முதியோர் இல்லம் என்றாலே ‘பெத்தவங்களைத் தள்ளிவிட்டுட்டாங்க’ என்ற பேச்சுதான் நம் ஊரில் முதலில் எழுகிறது. அதற்குப் பயந்தே பல குடும்பங்கள் முடிவைத் தள்ளிப்போடுகின்றன. கடைசியில் அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் இடம் தேடி அலைகின்றன.

முதியோர் நலனுக்காகத் தமிழ்நாட்டில் இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்: இந்த முடிவை வயதோ ஊர்வாயோ எடுக்கக் கூடாது. முதியவருக்கு அன்றாடம் என்ன உதவி தேவை, அதை வீட்டில் பாதுகாப்பாகத் தர முடிகிறதா என்பதைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

எவற்றைக் கவனிப்பது?

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுவது ஆகியவற்றில் எதற்கெல்லாம் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டுக்கு மட்டும் என்றால், பகலில் வந்துபோகும் உதவியாளரே போதும். இரவிலும் ஆள் வேண்டும், அதற்கு வீட்டில் வழியில்லை என்றால் இல்லத்தைப் பற்றி யோசிக்கும் கட்டம் வந்துவிட்டது.

தனியாக இருக்கும் அம்மா போனில் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்பார். நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்: காலை மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் கிடக்கும், இரவு மாத்திரை மாதம் முடியும் முன்பே தீர்ந்திருக்கும், பால் பாத்திரம் அடி கருகியிருக்கும், போன வருஷம் தைத்த ரவிக்கை தொளதொளத்திருக்கும். அடிக்கடி விழுவது, பழகிய தெருவிலேயே வழி தவறுவது, கேஸ் அடுப்பை அணைக்க மறப்பது, படுக்கைப்புண் வருவது ஆகியவற்றைக் கண்டால் நாள் கடத்தாதீர்கள்.

பார்த்துக்கொள்பவரையும் கவனியுங்கள். பெரும்பாலும் அது மனைவி, மகள் அல்லது மருமகள். தூக்கம் கெட்டு, தன் முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்கவும் நேரமின்றி அவர் எரிந்துவிழத் தொடங்கினால், அந்த ஏற்பாடு இருவரையும் காப்பாற்றாது.

சேர்க்கும் முன்

முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ காரணமாக இருக்கலாம். மறதிக்குப் பின்னால் தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு இருக்கலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அதையும் பயன்படுத்திப் பாருங்கள்.

இல்லங்களிலும் வகை உண்டு. நடமாடுபவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, படுக்கையில் விழுந்ததும் ‘கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லும் இடங்கள் பல. இரவில் செவிலியர் இருப்பாரா, படுத்தபடுக்கையானால் என்ன செய்வீர்கள் என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

முதியவரின் சம்மதம் இன்றியமையாதது. ‘கோயிலுக்குப் போறோம்’ என்று கூட்டிப்போய் விட்டுவருவதை நாங்கள் எதிர்க்கிறோம். நினைவு மங்கியவரிடமும் அவருக்குப் புரியும் அளவில் சொல்லுங்கள். ஒரு வாரம் தங்கிப் பார்க்கும் வாய்ப்பைக் கொடுங்கள்.

சட்டமும் எங்கள் கோரிக்கையும்

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிக்கக் கடமைப்பட்டவர் முதியவரைக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தேவையறிந்து, சம்மதத்தோடு இல்லத்தில் சேர்ப்பதை நாங்கள் கைவிடலாகக் கருதவில்லை. சேர்த்துவிட்டு எட்டிப்பார்க்காமல் இருப்பதைத்தான் அப்படிக் கருதுகிறோம்.

ஆதரவற்ற முதியோர் 150 பேராவது தங்கும் இல்லத்தை மாவட்டத்துக்கு ஒன்றாவது அமைக்க அதே சட்டம் வழிவகுக்கிறது. அந்த இல்லங்களை அரசு முழுமையாக ஏற்படுத்த வேண்டும். படுக்கையில் இருப்பவர்களையும் அங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆலோசனைக்கு முதியோர் உதவி எண் 14567ஐ அழையுங்கள். அதற்கும் முன்னால், பெற்றோர் தெம்பாக இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே, யாரோடு இருக்க விரும்புகிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.