நிழலைத் தேடுவோம்!

அந்திக்குப் பின் வெளிக்காற்று குளிர்ந்ததும், தானே அறிந்து விசிறியை முடுக்கி அதை அறைக்குள் இழுக்கும் தானியங்கி அமைப்பு இன்று தில்லிவாழ் மாணவர் பலரின் ஆவல். அதற்கு எந்த வெப்ப உணரியை வாங்குவதென்றே எல்லோரும் கேட்கின்றனர். அதை எங்கே மாட்டுவதென்று கேட்பார் அரியர்!

2024 மே 29 அன்று தில்லி முங்கேஷ்பூர் வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டிற்று. செய்தி நாடெங்கும் பரவியது. பின்னர் இந்திய வானிலை ஆய்வுத் துறை சோதித்து, அவ்வுணரி 3 டிகிரி மிகையாகக் காட்டியதென அறிவித்தது. அரசின் கருவிக்கே இக்கதியென்றால் நம் ஜன்னலோரக் கருவி எம்மாத்திரம்?

நீர்புகா உறையிட்ட டிஎஸ்18பி20 என்னும் மலிவான உணரியே நமக்குப் போதும். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அதன் பிழை அரை டிகிரிக்குள் அடங்கும். ஆனால் வெயில் பட்டால் அது அளப்பது காற்றையன்று, சுட்ட உறையை! வடக்குப்புறத்தில், ஐந்தடி உயரத்தில், சுவரை ஒட்டாமல், காற்றோடும் வெண்கூண்டுக்குள் தொங்கவிடுங்கள். ஏசியின் வெப்பக்காற்று அணுகலாகாது. சந்தையில் போலிகளும் உலவுவதால் நல்ல வெப்பமானியோடு ஒரு வாரம் ஒப்பிடுங்கள்.

பகலெல்லாம் வெந்த சுவரின் சூட்டைக் காற்றின் சூடென நம்பும் பொறி, இரவு குளிர்ந்த பின்னும் விசிறியை முடுக்காது. அவ்வறையில் புழுங்குபவர் முதியவராயின் அது வெறும் கணக்குப் பிழையாமோ? விலையுயர்ந்த கருவியைத் தேடுமுன் நிழலைத் தேடுவோம்!