திரையின் கட்டமும் கிப்லாவின் திசையும்



வரைபட மென்பொருள் ஒன்றைத் திறந்தால், வெண்திரை முழுவதும் மெல்லிய கட்டக்கோடுகள் விரிந்து கிடப்பதைக் காணலாம். கணக்கு ஏட்டின் தாளைப் போன்ற அந்தப் பின்னணியை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. எனினும் நாம் வரையும் கோடுகளை அது தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சென்னையில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலை விரிவாக்கியபோது இதை நேரில் உணர்ந்தேன்.

கூடத்தின் வரைபடத்தை இளைஞர் ஒருவர் ஊதியமின்றி வரைந்து தந்தார். வடக்கு மேற்புறம், சுவர்கள் நேர்க்கோட்டில், ஸஃப் வரிசைகளும் சுவரையொட்டி நேராக. பார்வைக்கு மிக ஒழுங்காக இருந்தது. இமாம் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, பழைய கூடத்தில் பாயைச் சாய்வாக விரிக்கிறோமே, இதில் வரிசை நேர் மேற்கை நோக்குகிறதே?” என்றார். “ஹஜ்ரத், நான் சாய்வாகத்தான் வரைய முயன்றேன், கோடு கட்டத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதுவே சரியென்று விட்டுவிட்டேன்” என்றார் இளைஞர்.

சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை விலகியது. 30 அடி அகலமுள்ள கூடத்தில் வரிசையின் தென்முனை, வடமுனையைவிட 9 அடிக்கும் மேலாக மேற்குச் சுவரை நெருங்கி நிற்க வேண்டும். திசை விலகலுக்கு எந்த அளவு இடமுண்டு என்பதை ஆலிம்களே கூற வேண்டும். அதில் நான் தலையிடவில்லை. என் கவலை வேறு. அந்தத் திசையை இமாமும் தேர்ந்தெடுக்கவில்லை, இளைஞரும் தேர்ந்தெடுக்கவில்லை. திரையின் ஓரத்துக்கு இணையாக அமைந்த கட்டமே அதை முடிவு செய்தது.

இதற்குத் தீர்வு கடினமன்று. இணையப் பக்கங்களில் இயங்கும் வரைபடக் கருவிகள் பலவற்றில், ஒரேயொரு சிறு கட்டத்தை வரைந்து வைத்தால் போதும். உலாவி அதைத் திரை முழுவதும் அடுக்கிக்கொள்ளும். எஸ்விஜி முறையில் இதற்குப் பேட்டர்ன் என்று பெயர். அந்தச் சிறு கட்டத்தை 18 பாகை சுழற்றுமாறு ஒரு குறிப்பைச் சேர்த்தால் பின்னணி முழுவதும் திரும்பிவிடும். கோடு ஒட்டிக்கொள்ளும் வசதியும் அதே கோணத்தைப் பின்பற்றுமாறு எழுதிவிட்டால், ஸஃப் கோடுகள் தாமாகவே கிப்லாவுக்கு நேராக அமையும். சுவருக்கு ஒரு கட்டம், வரிசைக்கு ஒரு கட்டம் என இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளுக்கு மேலும் சில சொல்வேன். கட்டக்கோடு வெளிறியதாக இருக்கட்டும். பத்துச் சிறு கட்டங்களுக்கு ஒரு சற்றே அழுத்தமான கோடு போதும். படத்தைச் சுருக்கும்போது சிறு கோடுகளை மறைத்துவிடுங்கள். இல்லையேல் அவை நெருங்கித் திரையையே சாம்பல் நிறமாக்கிவிடும். அச்சிடும்போது கட்டம் தாளில் வர வேண்டாம். அதை அணைக்கவும் திருப்பவும் உரிய பொத்தான் எளிதில் கண்ணில் படட்டும்.

இந்தப் பண்பு நம் முன்னோர்க்குப் புதிதன்று. இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனை நூலகத்தில், கட்டடக் கலைஞர்களின் வடிவங்கள் 114 அடங்கிய நீண்ட சுருள் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அதில் வடிவங்கள் மையால் வரையப்பட்டுள்ளன. அவற்றுக்கு ஆதாரமான கோடுகளோ, மையின்றிக் கூரிய முனையால் தாளில் கீறப்பட்டவை. அருகில் வைத்து நோக்குவோர்க்கே அவை புலப்படும். வடிவத்திற்கு ஏற்ற கட்டத்தை அக்கலைஞர்கள் முதலில் அமைத்தார்கள். வேலை முடிந்ததும் அது கண்ணிலிருந்து விலகி நின்றது.

கருவி தரும் ஒழுங்கு எல்லாம் சரியான ஒழுங்கு ஆகிவிடாது. வரையத் தொடங்குமுன், இந்தக் கட்டம் யாருடைய திசையில் நிற்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்வோம். எங்கள் பள்ளிவாசலில் வரைபடம் திருத்தப்பட்டது. புதிய கூடத்திலும் பாய்கள் சாய்வாகவே விரிக்கப்படுகின்றன. அல்ஹம்துலில்லாஹ்.