ஓடாத எஞ்சினுக்கு எதற்கு மாலை?

மரக்காணத்துக்காரனுக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ரயில் கிடையாது. பார்க்கணும்னா மேற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் திண்டிவனத்தில் நிற்க வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கிழக்குக் கடற்கரைப் பாதை வருது, வருது என்று நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. அதனால் நான் எழுதப்போவது ரயிலடியில் வளர்ந்தவனின் ஏக்கம் இல்லை. உப்பளத்தில் வளர்ந்தவனின் எரிச்சல்.

உப்பளத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு எஞ்சினுக்கு வருவோம். ஐப்பசி கார்த்திகை மழையில் பாத்திகள் எல்லாம் குளமாகிவிடும். தை பிறந்ததும் ஆட்கள் இறங்குவார்கள். சேற்றை வாரிப் போட்டு, வரப்பு கட்டி, பாத்தியைக் காலால் மிதிக்க ஆரம்பிப்பார்கள். நாள்கணக்கில் மிதி. தரை இறுகணும், இல்லாவிட்டால் உப்போடு மண் வரும். இதை ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். சில வருஷம் மிதிக்காமல் விட்ட பாத்தியைப் பார்த்திருக்கிறீர்களா? உமரிச் செடி முளைத்து, வரப்பு கரைந்து, வெறும் களராகக் கிடக்கும். அதைச் சுற்றி வேலி போட்டு, 'பாரம்பரிய உப்பளம்' என்று பலகை நட்டு, சனி ஞாயிறு டிக்கெட் விற்றால் அது உப்பளமாகிவிடுமா? உப்பு எடுத்தால்தான் உப்பளம்.

ரயிலும் அப்படித்தான் என்பது என் கட்சி. நம்மிடம் 'ரயில் பாரம்பரியம்' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் பலகை நடும் வேலை.

தமிழ்நாட்டில் ரயில்வே அலுவலகங்கள், பெரிய ஸ்டேஷன்கள் எதற்காவது போய்ப் பாருங்கள். வாசலில் சிமெண்ட் மேடை. மேடையில் ஒரு பழைய மீட்டர்கேஜ் எஞ்சின். உடம்புக்குக் கறுப்பு, சக்கரத்துக்குச் சிவப்பு பெயிண்ட். ஆயுத பூஜைக்கு மாலை, சந்தனம், குங்குமம். நம்ம ஊர் வழக்கப்படி ஆயுத பூஜை உழைக்கிற கருவிக்குச் செய்வது. கடப்பாரைக்குப் பொட்டு வைப்போம், மறுநாள் எடுத்து வேலை செய்வோம். இந்த எஞ்சினுக்கு மறுநாள் என்பதே கிடையாது. வெளியே பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறிக்கொண்டே இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும். கடற்கரைக்காரனுக்கு அந்தத் துருவின் குணம் தெரியும். வெளிச்சட்டை பளபளவென்று இருக்கும்போதே உள்ளே வேலையை முடித்துவிடும்.

அப்படி ஒரு மேடை எஞ்சினைப் பார்த்துவிட்டு நானும் நண்பர்கள் நான்கு பேரும் அங்கிருந்த அலுவலகத்தில் கேட்டோம். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. "சார், ஞாயித்துக்கிழமை வந்து துருவைச் சுரண்டி கிரீஸ் வைக்கிறோம், காசு வேணாம்." எங்களில் ஒருவன் ஐடிஐ ஃபிட்டர். அங்கிருந்த பெரியவர் நல்ல மனுஷன்தான். சிரித்தபடியே, "தம்பி, நீங்க தொட்டா யார் பொறுப்பு?" என்றார். யாருமே தொடாமல் அது செத்துக்கொண்டிருப்பதற்கு யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்க எங்களுக்கு அப்போது வாய் வரவில்லை. அதைத்தான் இப்போது கேட்கிறேன்.

தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்ணெதிரே ஓர் உதாரணம் உண்டு. ஈஐஆர் 21 என்கிற எஞ்சின். 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்தது. 1909இல் ஓய்வு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷம் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருள். 2010இல் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்து, இல்லாததைச் செய்து போட்டு, ஓட வைத்தார்கள். எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் நடுவே அது சில முறை ஓடியும் காட்டியது. சிலையாக நின்ற ஒன்றை நூறு வருஷம் கழித்து எழுப்பி நடக்க வைத்த ஊர் இது. ஆனால் அந்தக் கைகளின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கொடியசைத்தவர்கள் படம்தான் பேப்பரில் வரும். அந்தப் பணிமனையில் அடுத்த தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

வேல்ஸ் நாட்டுக் கதை ஒன்று இங்கே தேவைப்படுகிறது. 'வெள்ளைக்காரன் புராணமா?' என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளவும். டாலிலின் என்று ஒரு குட்டிப் பாதை. 1865இல் கல்குவாரியிலிருந்து பலகைக்கல் இறக்குவதற்காகப் போட்டது. 1946 கடைசியில் குவாரி மூடிவிட்டது. நான் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொன்ன முதலாளி 1950இல் இறந்துபோனார். அந்த அக்டோபரில் பர்மிங்ஹாம் நகரில் சிலர் கூட்டம் போட்டார்கள். எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் அதில் முக்கியமான ஆள். எழுத்தாளர் என்றால் உங்களையும் என்னையும் போல மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து பொருமுகிறவர் இல்லை, எஞ்சினியராகப் பயிற்சி எடுத்தவர். 1951 மே 14 அன்று தன்னார்வலர்கள் ரயிலை ஓட்டிவிட்டார்கள். அப்போது ஓடுகிற நிலையில் இருந்தது டால்கோச் என்ற ஒரே எஞ்சின். தண்டவாளம் புல்லுக்குள் புதைந்து கிடந்தது. உலகத்திலேயே தன்னார்வலர்கள் ஏற்று நடத்திய முதல் ரயில் அதுதான். இன்றும் ஓடுகிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 1948இல் பிரிட்டன் தன் ரயில்வேக்களை நாட்டுடைமை ஆக்கியபோது டாலிலினைச் சேர்க்காமல் விட்டுவிட்டது. அரசாங்கம் கண்டுகொள்ளாமல் விட்டதால் ஜனங்கள் கைவைக்க முடிந்தது. நம் நாட்டில் தண்டவாளத்தில் ஒரு போல்ட் கூட அரசாங்கத்தின் ஞாபகத்திலிருந்து தப்பாது. ஸ்க்ராப் ஏலத்துக்கு அந்த ஞாபகம் ரொம்ப நல்லா வேலை செய்யும்.

பாதுகாப்பு என்பார்கள். கொதிகலன் விளையாட்டுப் பொருள் இல்லை, ஆமாம். நீர்மட்டக் கண்ணாடியை ஒழுங்காகப் பார்க்காதவன் கையில் நீராவி எஞ்சின் ஒரு குண்டு. ஆனால் அங்கே மட்டும் வந்தவன் போனவன் எல்லாம் ரெகுலேட்டரைப் பிடிக்கிறான் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் துணியும் எண்ணெயும் கொடுத்துத் துடைக்க விடுவார்கள். பிறகு கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் வேலை. பரீட்சை, மருத்துவச் சோதனை எல்லாம் தாண்டி ஓட்டுநர் ஆக வருஷக்கணக்காகும். மேலே அரசின் பாதுகாப்புக் கண்காணிப்பு. சம்பளம் வாங்கும் ஊழியர்களும் கூடவே இருப்பார்கள். அதாவது, பாதுகாப்பாகச் செய்ய வழி இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். நம்மிடம் 'பாதுகாப்பு' என்ற சொல் பூட்டுக்கு மறுபெயராகிவிட்டது.

இன்னொரு எதிர்ப்பு உண்டு. அது இடதுசாரி நண்பர்களிடமிருந்து வருவதால் எனக்கு அதன் மேல் மரியாதை அதிகம். சும்மா வேலை செய்ய ஆள் கிடைத்தால் இருக்கிற வேலையையும் ரயில்வே ஒழித்துக்கட்டாதா? 'தன்னார்வலர்' என்ற பெயரில் கூலியில்லாத ஒப்பந்தத் தொழிலாளியை நாமே கொண்டுபோய் நிறுத்த வேண்டுமா? உப்பளத்தில் சீசன் முடிந்தால் கூலியும் முடியும். அப்படி மழைக்காலத்தில் கடன் வாங்கிச் சாப்பிட்ட வீட்டுப்பிள்ளை நான், இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ள மாட்டேன். அதனால் என் கோடு தெளிவு: இன்று சம்பளத்துக்கு நடக்கும் எந்த வேலையிலும் தன்னார்வலர் கைவைக்கக் கூடாது. யாருமே செய்யாமல் கிடக்கும் வேலைக்குத்தான் அனுமதி கேட்கிறோம். மேடையில் துருப்பிடிப்பது யாருடைய வேலையும் இல்லையே.

கற்றுக்கொடுக்க ஓய்வுபெற்ற தொழிலாளர்களை அழைத்து, கௌரவமாகக் காசு கொடுத்து உட்கார வைக்க வேண்டும். அவர்கள் சும்மா வரக் கூடாது, சும்மா வர வேண்டியது நாம்தான்.

இந்தியாவில் ஓடுகிற பாரம்பரியம் இல்லாமல் இல்லை. ஹரியானாவின் ரேவாரியில் பழைய நீராவி ஷெட்டை உயிரோடு வைத்திருக்கிறார்கள். நமக்கு நீலகிரி ரயில் இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டை மூடிக்கிடந்த மீட்டர்கேஜில் இன்று மிச்சம் அந்த 46 கிலோமீட்டர்தான். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை, 1908இல் ஊட்டி வரை. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரம். எஞ்சின் முன்னால் இழுக்காது, கீழிருந்து தள்ளும்.

நான் முதல்முறை அதில் போனபோது எல்லாரும் ஜன்னலில் பள்ளத்தாக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பெட்டியின் முகப்பில் நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன். எஞ்சின் விசிலடிக்கும் விதத்தைக் கேட்டு அவர் பிரேக்கைப் பிடிக்க வேண்டும், விட வேண்டும். இவர் காது, ஓட்டுநர் கை, நெருப்புப் போடுகிறவர் கண், இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அந்த வண்டி மலையில் நிற்கும். யுனெஸ்கோ பட்டியலில் ரயில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் காதுதான் பாரம்பரியம்.

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள் கிழடானபோது, அவற்றைப் போலவே புதிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை செய்துகொடுத்தது. 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் செய்து அனுப்பியது. இது சின்ன விஷயமா? நீராவிக் காலம் முடிந்து இத்தனை வருஷம் கழித்துப் பல்சக்கர நீராவி எஞ்சினைப் புதிதாகச் செய்யும் ஊர்கள் உலகில் எத்தனை? ஆனால் நம் ரயில் ரசிகர்களின் ரீல்ஸில் பொன்மலை வராது. புகை வரும், விசில் வரும், மஞ்சள் வெயில் வரும், பின்னணியில் இளையராஜா வருவார். ஆள் மட்டும் வரமாட்டான்.

ரயில் ரசிகர்களே, உங்களைத்தான் சொல்கிறேன், என்னையும் சேர்த்து. 1931 முதல் 2004 வரை பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் ஓடியதே, அதன் படங்களை மாற்றி மாற்றிப் பகிர்ந்து 'பொற்காலம்' என்று உருகுகிறோம். பொற்காலமா? 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகச் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5 அன்று இதே பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். பாரம்பரியம் வேண்டும் என்றால் இதுவும் சேர்ந்துதான் வரும். எஞ்சினைத் துடைக்கிறவனுக்கு அதன் மேல் யார் கை பட்டிருக்கிறது என்று கேட்கத் தோன்றும். படம் எடுக்கிறவனுக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் போதும்.

'அது காலனியச் சின்னம், துருப்பிடித்துப் போகட்டுமே' என்று சொல்கிற கூட்டமும் இருக்கிறது. அவர்களை எங்கள் ஊருக்கு வரச் சொல்கிறேன். பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். 1806இல் சென்னைக்கு வடக்கே ஒரு தனியார் வாய்க்காலாகத் தொடங்கியது, நீண்டு நீண்டு இங்கே வந்து முடிந்தது. 1877–78 பஞ்சத்தில் கூலிக்கு வெட்டிய ஜனங்களின் எலும்பு அதில் இருக்கிறது, பெயர் மட்டும் கவர்னருடையது. எங்கள் உப்பு அதில் படகேறித்தான் சென்னை போனது. எங்களுக்கு ரயில் அதுதான். கால்வாய் தூர்ந்தது, படகும் போனது. இருபது முப்பது டன் உப்பைக் கொண்டுபோகும் படகை எப்படிக் கட்டினார்கள், காற்று எதிர்த்தால் கரையிலிருந்து எப்படி இழுத்தார்கள் என்று செய்துகாட்ட இன்று ஊரில் ஆள் இல்லை. காலனியம் ஒழிந்ததால் அது போகவில்லை. யாரும் தொடாததால் போனது. கவர்னர் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில் உப்பு வணிகர்கள் வருகிறார்கள். வழியில் மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் ஓர் உபரி அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். நம் ரயில்வேயிடம் நான் கேட்பது அந்த அச்சு அளவுதான். நாடு முழுக்க வேண்டாம். மேடையிலிருந்து ஓர் எஞ்சினை இறக்குங்கள். பணிமனைக்குள் அரை கிலோமீட்டர் மீட்டர்கேஜ் போட இடம் கொடுங்கள். ஓய்வுபெற்ற இரண்டு ஃபிட்டர்கள், ஒரு பழைய ஓட்டுநர். மிச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவார்கள், பெண்பிள்ளைகளும் வருவார்கள். முதல் ஐந்து வருஷம் எஞ்சின் நகராமல் போகலாம். பரவாயில்லை, பிரித்துப் போட்டாலே பாதி படிப்பு.

வர்ற திங்கட்கிழமை நாங்கள் ஐந்து பேரும் மறுபடி அதே அலுவலகத்துக்குப் போகிறோம். இந்த முறை எழுத்தில் மனு, 'யார் பொறுப்பு' என்ற கேள்விக்கு ஐந்து கையெழுத்து. ஃபிட்டர் நண்பன் கம்பி பிரஷ்ஷும் ஒரு டப்பா கிரீஸும் வாங்கி வைத்திருக்கிறான்.