காற்றாலைக் கணக்கில் வராத விறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூர் பின்னலாடைத் தொழில் தன் தேவைக்கும் கூடுதலாகவே காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கிறது, ஆகவே அது பசுமைத் தொழில் நகரம் என்ற பேச்சு மேடைக்கு மேடை கேட்கிறது. காற்றாலைகளில் அந்த ஊர்க்காரர்கள் முன்கூட்டியே பணம் போட்டது பாராட்டுக்குரியது. அதில் எனக்கு மறுப்பில்லை. என் ஆட்சேபம் கணக்கைப் பற்றியது. மின்சாரத்தை எண்ணிவிட்டு நெருப்பை எண்ணாமல் விடுகிறார்கள். நிட்டிங் மெஷினும் தையல் மெஷினும் கரண்டில் ஓடுகின்றன; சாயப்பட்டறைக்கு அது மட்டும் போதாது, நீராவி வேண்டும். பிளீச்சிங்குக்குத் தண்ணீர் கொதிநிலையை நெருங்க வேண்டும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறச் சுமார் 60 டிகிரி சூடு வேண்டும், பாலியெஸ்டருக்கு 130. துணியை இழுத்து உலர்த்தும் ஸ்டென்டருக்கு அதற்கும் மேலே. இந்தச் சூட்டைக் கொடுக்கும் பாய்லர்களில் பெரும்பாலும் எரிவது விறகு. காற்றாலை எத்தனை சுழன்றாலும் அந்த அடுப்பில் ஒரு கட்டை குறையப் போவதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை திரும்ப இயங்கின. சரியான நிபந்தனை, தளர்த்தவே கூடாது. ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி கழித்துத் தள்ளும் உப்புநீரைக் கடைசியில் காய்ச்சித்தான் உப்பைப் பிரிக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதிநீர் ஆவியாக ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் தேவை. பல அடுக்கு ஆவியாக்கிகள் ஒரே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திச் செலவைக் குறைக்கின்றன, இல்லாமல் செய்துவிடுவதில்லை. ஆற்றைக் காப்பாற்ற நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு பாய்லர் வாயில் எரிகிறது. அந்த விலை எவ்வளவு என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டாமா?

விறகு நிலக்கரி அல்ல, வெட்டினால் மறுபடி வளரும் என்பார்கள். வெட்டிய இடத்தில் நட்டால்தானே வளரும்? சீமைக்கருவேலத்தை வெட்டினால் நிலத்துக்கு நன்மை; சவுக்குத் தோப்பு எரிபொருளுக்காகவே வளர்க்கப்படுவது. இந்த இரண்டிலும் அந்த வாதம் நிற்கும். லாரியில் வந்து இறங்கும் விறகு எந்த மரம், எந்த ஊர் என்று எழுதி வைக்காத இடத்தில் அது வெறும் நம்பிக்கை. மேலும், மரம் திரும்ப வளர்வதால் இன்றைக்குப் புகைபோக்கியிலிருந்து விழும் சாம்பல் துகள் குறைந்துவிடாது. கூலிக்குச் சாயம் போடும் சிறு பட்டறைகள் எரிவாயுவுக்கோ மின் பாய்லருக்கோ மாறினால் தாங்காது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை நான் ஏற்கிறேன். மத்திய அரசின் ஆற்றல் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தியோ அதற்கு மேலோ செலவிடும் ஜவுளி ஆலைகள்தான் இலக்குக்குள் வருகின்றன. சிறு பட்டறைகள் அந்த வரம்புக்குள் வருவதே அரிது. அவற்றின் அடுப்பு யார் கண்ணிலும் படாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விறகைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாய்லர்களை அரசு அதிகாரிகள் ஆண்டுதோறும் ஆய்வு செய்து சான்று தருகிறார்கள். அப்போதே அந்த ஆண்டில் எரித்த விறகு எத்தனை டன், எங்கிருந்து வந்தது என்று எழுதி வாங்கி, ஊர்வாரியாகக் கூட்டி வெளியிடட்டும். அதோடு, மானியம் என்றாலே சூரிய மின் தகடு என்று நிற்காமல், 60 டிகிரி வெந்நீர் தரும் சூரிய வெப்பக் கலன்களுக்கும், வடிகாலில் போகும் சுடுநீரின் வெப்பத்தைத் திரும்ப எடுக்கும் கருவிகளுக்கும் சிறு பட்டறைகளுக்கு உதவட்டும். அந்த விறகுக் கணக்கு வெளிவரும்வரை அரசு மேடைகளிலாவது ‘பசுமை நகரம்’ என்ற பட்டத்தை நிறுத்தி வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
காங்கேயம்