கூடினார்கள், கணக்கெடுத்தார்கள்

1919-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் வரலாற்றில் முதல் முறையாக ஒரு பெண்ணை ஆசிரியர் பதவியில் அமர்த்தியது. அவர் பெயர் ஆலிஸ் ஹாமில்டன். ஈயம் உருக்கும் பட்டறைகளிலும் வண்ணப்பூச்சு ஆலைகளிலும் வேலை செய்தவர்களின் உடம்பில் ஏறிய நஞ்சை, ஆலை ஆலையாக நடந்து ஆராய்ந்த மருத்துவர். தொழில் நோய்களைப் பற்றி அவருக்கு இணையாகத் தெரிந்த ஆண் ஒருவர் கிடைத்திருந்தால் அவரை அழைத்திருக்க மாட்டார்கள். நியமனத்தோடு மூன்று நிபந்தனைகளும் வந்தன. ஆசிரியர் மன்றத்துக்குள் வரக் கூடாது. கால்பந்துப் போட்டிகளுக்கு ஆசிரியர்களுக்கென ஒதுக்கப்படும் டிக்கெட்டைக் கேட்கக் கூடாது. பட்டமளிப்பு விழாவில் ஊர்வலத்தில் நடக்கவோ மேடையில் அமரவோ கூடாது. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர், உலகம் முழுதும் பெயர் பெற்ற பிறகும், 1935-இல் உதவிப் பேராசிரியராகவே ஓய்வு பெற்றார்.

ஹாமில்டன் அஞ்சி ஒடுங்குகிறவர் அல்ல. ஆலை முதலாளிகளை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர். ஆனால் ஹார்வர்டுக்குள் அவருக்கு இணை என்று யாரும் இல்லை. ஆண்டில் பாதிக் காலம் மட்டுமே கற்பிப்பேன் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, மீதி நாட்களில் சிகாகோவுக்குப் போனார். அங்கே ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தில் அவருடைய தோழிகள் இருந்தார்கள். பேசவும், தூக்கிப் பிடிக்கவும், தவறு என்றால் சொல்லவும் வேண்டிய கூட்டத்தை அவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான் வைத்திருந்தார்.

இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களும் அலுவலர்களும் தமக்குள் சேர்ந்து நடத்தும் குழுக்கள் நிறைய உண்டு. பெண் ஆசிரியர்கள், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஆசியர், தன்பாலீர்ப்பாளர், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு வேலைக்கு வருபவர்கள் என்று பல வகை. மாதம் ஒரு மதிய உணவு, புதிதாக வந்தவருக்கு வீடு பார்க்க உதவி, பதவி உயர்வு விண்ணப்பத்தை எழுதுவதற்கு மூத்தவரின் யோசனை. ஆறுதலுக்காகக் கூடுகிறார்கள், கூடட்டும் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. எதிர்ப்பவர்களோ இவை ஊழியர்களைப் பிரிக்கின்றன என்கிறார்கள். இரு தரப்பாரும் இந்தக் குழுக்களின் கடந்த காலத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். பலன் தந்த குழுக்கள் ஆறுதலோடு நின்றதில்லை. அவை கணக்கெடுத்தன. தனியாள் ஒருவருக்கு நேர்வதை அவருடைய குணம் என்றோ தலைவிதி என்றோ சொல்லி முடித்துவிடலாம். பத்துப் பேருடைய அனுபவத்தை ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

இதன் தொடக்கத்தைக் காண பாஸ்டனுக்குப் போக வேண்டும். 1873-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க், உயர்கல்வி பெண்களின் உடம்பைக் கெடுக்கும், கருப்பையைப் பாதிக்கும் என்று ஒரு புத்தகம் எழுதினார். அது பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. அதே ஆண்டில் எலன் ஸ்வாலோ என்ற பெண் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், வேதியியலில் பட்டம் வாங்கினார். அங்கே சேர்க்கப்பட்ட முதல் பெண் அவர். அவரிடம் கட்டணம் வாங்கவில்லை. பெருந்தன்மை என்றுதான் அவரும் நினைத்தார். யாராவது ஆட்சேபித்தால் ‘இவர் எங்கள் மாணவியே அல்ல’ என்று சொல்வதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. திருமணத்துக்குப் பின் எலன் ரிச்சர்ட்ஸ் என்று அறியப்பட்ட இவர் அங்கேயே 1884 முதல் 1911-இல் இறக்கும்வரை சுகாதார வேதியியல் கற்பித்தார்.

1881 நவம்பரில் பாஸ்டனில் எட்டுக் கல்லூரிகளின் பட்டதாரிப் பெண்கள் 17 பேர் கூடினார்கள். எலன் ரிச்சர்ட்ஸும், பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டீனான மேரியன் டால்பட்டும் அதில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அது கல்லூரிப் பட்டதாரிப் பெண்கள் சங்கமாக உருவெடுத்தது. இன்றைய அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் முன்னோடி அதுதான். படித்துவிட்டு ஊர் திரும்பித் தனித்துப்போன பெண்கள் ஒருவரையொருவர் தேடி வந்த கூட்டம் என்பதால் கடிதப் போக்குவரத்தோடும் தேநீர் விருந்தோடும் நின்றிருக்கலாம். ஆனால் அவர்கள் கையிலெடுத்த முதல் பெரிய வேலை கிளார்க்குக்குப் பதில் சொல்வது. கட்டுரை எழுதிச் சண்டை போடவில்லை. பட்டதாரிப் பெண்களுக்கு உடல்நலம் பற்றிய கேள்வித்தாள்களைத் தபாலில் அனுப்பினார்கள். 700-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 1885-இல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டது. பெரும்பாலானவர்கள் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். கிளார்க் தம் புத்தகத்தில் ஆதாரமாகக் காட்டியது ஏழெட்டு நோயாளிகளின் கதைகளை மட்டுமே.

அதன் பிறகு நெடுங்காலம் கற்பிக்கும் பெண்கள் ஆங்காங்கே ஒருவர் இருவராகச் சிதறிக் கிடந்தார்கள். பல பல்கலைக்கழகங்களில் கணவன் பேராசிரியராக இருந்தால் மனைவிக்கு வேலை இல்லை என்ற விதியும் இருந்தது. 1970-இல் ஒரு திருப்பம் வந்தது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பெர்னிஸ் சேன்ட்லர் தம் துறையில் காலியாக இருந்த இடங்கள் எதற்கும் பரிசீலிக்கப்படவே இல்லை. காரணம் கேட்டபோது, ஒரு பெண்ணுக்கு அவர் ரொம்பவும் அழுத்தமாக நடந்துகொள்கிறவர் என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். வீட்டுக்குப் போய் அழுதவர், பிறகு நூலகத்தில் உட்கார்ந்து சட்டங்களைப் புரட்டினார். அரசாங்க ஒப்பந்தம் பெறும் நிறுவனம் எதுவும் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அதிபர் ஆணை ஒன்று அடிக்குறிப்பில் அகப்பட்டது. ஆராய்ச்சி நிதி வாங்கும் பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடக்கம். பெண்கள் சமத்துவச் செயல் கழகம் என்ற சிறிய அமைப்பின் மூலம் ஏறத்தாழ 250 கல்வி நிறுவனங்கள் மீது புகார் கொடுத்தார். அதற்கான சரக்கு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வளாகத்திலும் இருந்த பெண்கள் தம் துறையில் எத்தனை ஆண் பேராசிரியர், எத்தனை பெண், யார் எந்தப் பதவியில் என்று எண்ணி அனுப்பினார்கள். தம் பெயர் வெளியே வந்தால் வேலை போகும் என்று அஞ்சியவர்கள் அவர்கள். காங்கிரஸ் உறுப்பினர் ஈடித் கிரீன் அந்த ஆண்டே விசாரணை நடத்தினார். 1972 ஜூனில், கல்வி நிறுவனங்களில் பால் பாகுபாட்டைத் தடுக்கும், ஒன்பதாம் தலைப்பு என்று பெயர் பெற்ற சட்டம் வந்தது.

சட்டம் வந்ததும் எல்லோரும் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினார்கள். நான்ஸி ஹாப்கின்ஸும் அப்படி நம்பியவர்தான். 1973-இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்த மூலக்கூறு உயிரியலாளர். நல்ல அறிவியலுக்குப் பால் பேதம் இல்லை, உழைத்தால் போதும் என்பது அவர் கொள்கை. பெண்ணியம் பேசுகிறவர்களிடமிருந்து விலகியே இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வைரஸ்களை விட்டு ஸீப்ரா மீன்களில் ஆய்வைத் தொடங்கியபோது தொட்டிகள் வைக்க இன்னும் 200 சதுர அடி கேட்டார். கொடுக்கவில்லை. மற்றவர்களைவிடத் தமக்கு இடம் குறைவு என்று அவர் சொன்னதையும் நம்பவில்லை. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு இரவில், ஆள் இல்லாத நேரத்தில், கட்டடம் முழுவதும் ஆய்வுக்கூடங்களை அளந்தார். அவரிடம் இருந்தது 1,500 சதுர அடி. புதிதாக வந்த இளைய ஆண்களிடம் சராசரி 2,000. மூத்த ஆண்களிடம் 3,000 முதல் 6,000 வரை.

இந்தக் கதையை இரவில் டேப் பிடித்த ஒரு வீரப்பெண்ணின் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதற்கடுத்த கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. அளந்த கணக்கைக் காட்டியும் எதுவும் அசையவில்லை. 1994 கோடையில் எம்.ஐ.டி. தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்புமுன் மேரி-லூ பார்டியூ என்ற சக விஞ்ஞானியிடம் ஒரு மதிய உணவின்போது காட்டினார். அவர் தம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்று ஹாப்கின்ஸுக்குப் பயம். படித்து முடித்த பார்டியூ, நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஒரே துறையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்த இருவர் அதுவரை இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிறகு அறிவியல் பள்ளியின் ஆறு துறைகளிலும் பணி நிரந்தரம் பெற்ற பெண்கள் யார் யார் என்று பட்டியல் போட்டார்கள். 15 பெண்கள். ஆண்கள் ஏறத்தாழ 200. அந்தப் பட்டியல் அவர்களையே திகைக்க வைத்தது. ஒவ்வொருவராகப் போய்ப் பேசினார்கள். பெரும்பாலோருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பட்டியலுக்கு வெளியிலிருந்தும் சேர்ந்து 16 பேர் கையெழுத்திட்ட கடிதம் டீன் ராபர்ட் பர்ஜனோவிடம் போனது. ஒரே அறையில் அவர்கள் வந்து உட்கார்ந்து, ஒருவர் சொன்னதையே மற்றவரும் தம் வழியில் சொன்னது அவரை மாற்றியது. அவர் குழு அமைத்தார், சம்பளமும் இடமும் பரிசுப் பரிந்துரையும் யாருக்கு எவ்வளவு என்ற விவரங்களைக் கொடுத்தார். அறிவியல் பள்ளியில் அதுவரை ஒரு பெண்கூடத் துறைத் தலைவராக இருந்ததில்லை. 1999 மார்ச்சில் அந்தக் குழுவின் அறிக்கையின் சுருக்கம் ஆசிரியர் செய்தி மடலில் வந்தது, உடனே பாஸ்டன் குளோப் முதல் பக்கத்தில் செய்தி. பாகுபாடு என்பது பாதி உண்மை, பாதி மனப்பதிவு என்று தாம் நினைத்திருந்ததாகவும் உண்மையின் பங்கே மிக அதிகம் என்று இப்போது புரிவதாகவும் தலைவர் சார்ல்ஸ் வெஸ்ட் எழுதினார். பதவியில் இருக்கும்போதே ஒரு பல்கலைக்கழகத் தலைவர் இப்படி எழுதுவது அரிது. 2001-இல் ஒன்பது முன்னணிப் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் எம்.ஐ.டி.யில் கூடி, தம்மிடமும் இதே குறை உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். 2004-இல் எம்.ஐ.டி.க்கே ஒரு பெண் தலைவரானார். அறிக்கைக்குப் பிந்தைய பத்தாண்டில் அறிவியல், பொறியியல் பள்ளிகளில் பெண் ஆசிரியர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கானது.

அந்த அறிக்கையில் என்னை உலுக்கும் ஒரு பகுதி உண்டு. இளைய பெண் ஆசிரியர்களைக் கேட்டபோது, துறையில் ஆதரவு இருக்கிறது, தமக்குப் பெண் என்பதால் தடை வராது என்றே அவர்கள் சொன்னார்கள். மூத்தவர்களும் இருபது ஆண்டுக்கு முன் அதையேதான் சொல்லியிருப்பார்கள். ஓரங்கட்டப்படுவது பதவி உயர உயரத்தான் வருகிறது. ஒரு தலைமுறை பட்டது அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வதில்லை. ஏனென்றால் வெற்றிக் கதைகளை நிறுவனம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, பழைய கணக்கை மறந்துவிடுகிறது. கணக்கையும் அது எடுக்கப்பட்ட விதத்தையும் கைமாற்றிக் கொடுப்பதுதான் இந்தக் குழுக்களின் முதல் வேலையாக இருக்க வேண்டும். எழுபதுகளில் பேராசிரியர் மில்ட்ரட் டிரெசல்ஹாஸ் அதே எம்.ஐ.டி.யில் பெண்கள் மன்றம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். இருந்தும் தொண்ணூறுகளில் ஹாப்கின்ஸ் வெறுங்கையோடு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஆசிரியர்களைப் பற்றியே பேசினால் பாதிப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடுகிறோம். ஹார்வர்டின் எழுத்தர்கள், செயலாளர்கள், ஆய்வுக்கூட உதவியாளர்கள் பெரும்பாலும் பெண்கள். எழுபதுகளின் முதற்பாதியில் மருத்துவப் பள்ளிப் பக்கம் சிலர் பேசத் தொடங்கியதிலிருந்து 1988-இல் சங்கம் அமையும்வரை அவர்கள் விடவில்லை. இடையில் தேர்தல்களில் தோற்றார்கள், தாய்ச் சங்கத்தின் நிதி நின்றது. துண்டுப் பிரசுரத்தை நம்பாமல் ஒவ்வொருவரிடமும் நேரில் உட்கார்ந்து பேசினார்கள். சம்பளம், குழந்தைக் காப்பகம், ஓய்வூதியம் மூன்றும் ஒரே பேச்சில் வந்தன. 1988 மே மாதத் தேர்தலில் 1,530-க்கு 1,486 என்று வென்றார்கள். 44 ஓட்டு வித்தியாசம். ஹார்வர்டை எதிர்க்கவில்லை, சங்கம் வேண்டும் என்கிறோம் என்பது அவர்கள் நிலை. பேராசிரியர்களின் குழுக்கள் இவர்களிடம் கற்க வேண்டியது அதிகம். அலுவலரைத் தேநீருக்கு மட்டும் அழைத்துவிட்டுப் பதவி உயர்வைத் தமக்குள் பேசிக்கொள்ளும் குழு நீடிக்காது.

அடையாளத்தை வைத்துக் கூடுவது பிரிவினை என்ற வாதத்துக்கு வருகிறேன். அது முழுக்கவும் பொய் என்று சொல்ல மாட்டேன். தம் கூட்டத்துக்குள்ளேயே பேசிப் பேசி வெளியாரோடு பேச்சற்றுப்போன குழுக்களும் உண்டு. ஆனால் எம்.ஐ.டி.யின் அந்தப் பதினாறு பேர் தோழிகள் அல்ல. பெண்களோடு சேர்ந்தால் முத்திரை விழும் என்று ஒருவரையொருவர் தவிர்த்தவர்கள். பதினாறு பேரையும் ஒரே மாதிரி நடத்தி ஒரு குழுவாக்கியது நிறுவனம்தான். அவர்கள் கண்டுபிடித்ததும் ஆண் டீன் ஒருவரின் துணையோடுதான் நடைமுறைக்கு வந்தது. அதே நிறுவனத்தில் இனப் பாகுபாட்டை இதே முறையில் எண்ணிப் பார்க்க 2010 வரை ஆயிற்று. அந்த அறிக்கையை வேதிப் பொறியாளர் பவுலா ஹாமண்ட் தலைமையிலான குழு தந்தது.

டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்கள் பன்முகத்தன்மைக்கென அலுவலகம் நடத்தத் தடை. அதைத் தொடர்ந்து இத்தகைய குழுக்கள் சிலவற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் போனது. அறையும் பணமும் போனால் வேறிடத்தில் கூடலாம். புள்ளிவிவரம் கேட்கும் உரிமையும், கேட்டால் பதில் சொல்ல வேண்டிய ஓர் அதிகாரியும் போவதுதான் பெரிய இழப்பு. நிர்வாகம் மனமுவந்து நடத்திய குழுக்கள் பல, வசதியான காலத்தில் அந்த விவரங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாததும் ஒரு குறை. பதாகையும் பரிசளிப்பும் எளிதாகக் கிடைத்தன. துறைவாரியான சம்பளப் பட்டியலை வற்புறுத்திக் கேட்டவர்கள் குறைவு.

கூடுவதற்கே இடமில்லாதவர்களும் கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இன்று கற்பிக்கும் பணியிடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரந்தரப் பணிக்கான பாதையில் இல்லாதவை. பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் ஓடுகிறவர்கள் இப்பணியிடங்களில் இருப்பவர்களில் ஏராளம். சொந்த அறை கிடையாது, ஆசிரியர் கூட்டத்துக்கு அழைப்பும் கிடையாது. பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்துகிறவர் யாரென்றும் தெரியாது. 2012-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி கற்பித்த ஒருவர் இணையத்தில் யாரும் திருத்தக்கூடிய ஒரு விரிதாளைத் திறந்து வைத்தார். கல்லூரியின் பெயர், துறை, ஒரு பாடத்துக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், மருத்துவக் காப்பீடு உண்டா என்று நிரப்பச் சொன்னார். சில வாரங்களுக்குள் நாடு முழுவதிலிருந்தும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் தொகைகள் அதில் ஏறின. ஒரே ஊரில், ஒரே பாடத்துக்கு, ஒரு கல்லூரி இன்னொன்றைப் போல இரு மடங்கு கொடுப்பதைக் கற்பிக்கிறவர்கள் அப்போதுதான் எழுத்தில் பார்த்தார்கள்.